பிரித்தானியாவில் திட்ட மேலாண்மைச் சங்கங்களும் தகவல் தொழில்நுட்பச் சேவை மேம்பாடும்

திட்ட மேலாண்மைச் சங்கம் என்பது கட்டுமானம், பொறியியல், கணினி முதலான துறைகளில் திட்டங்களை நடத்துவோர் தொழிலறிவைப் பகிர்ந்துகொள்ளவும், பயிற்சியும் சான்றிதழும் பெறவும் அமைத்துக்கொண்ட உறுப்பினர் அமைப்பாகும். தகவல் தொழில்நுட்பச் சேவை மேம்பாடு என்பது, நிறுவப்பட்ட கணினி முறைமை நாள்தோறும் தடையின்றி இயங்கவும், பழுது ஏற்பட்டால் விரைவில் சீராகவும், அதே பழுது மீண்டும் வராமலிருக்கவும் செய்யப்படும் தொடர் பணியாகும். ஒரு திட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. சேவைக்கு அப்படியொரு முடிவு நாள் இல்லை. இவ்விரண்டு பணிகளும் பிரித்தானியாவில் தனித்தனியே வளர்ந்து, 1990களில் ஒன்றையொன்று சந்தித்தன. இலண்டன் ஆம்புலன்ஸ் சேவையில் 1992ஆம் ஆண்டு நிகழ்ந்த கணினித் தோல்வியும் அதன் பின்வந்த மீட்சியும் இந்த வரலாற்றில் முக்கிய இடம் பெறுகின்றன.

சங்கங்களின் தோற்றம்

திட்ட மேலாண்மை தனித் தொழிலாக உருப்பெற்றது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் உருவான முக்கியப் பாதை முறையும், அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில் உருவான பெர்ட் முறையும் பல்லாயிரம் வேலைகளைக் கொண்ட பெருந்திட்டங்களைக் கால அட்டவணைக்குள் கொண்டுவர உதவின. இம்முறைகளைப் பயன்படுத்தியவர்கள் ஒருவரையொருவர் தேடிச் சந்திக்கத் தொடங்கியதிலிருந்தே சங்கங்கள் பிறந்தன.

ஐரோப்பாவில் 1965ஆம் ஆண்டு தொடங்கிய கலந்துரையாடல் குழு, பின்னாளில் ஐ.பி.எம்.ஏ. எனப்படும் பன்னாட்டுத் திட்ட மேலாண்மைச் சங்கமாக வளர்ந்தது. அமெரிக்காவில் ஜிம் சினைடர், கார்டன் டேவிஸ், எரிக் ஜெனெட், நெட் எங்மேன், சூசன் கேலகர் ஆகியோரின் முயற்சியால் 1969 அக்டோபரில் அட்லாண்டாவில் திட்ட மேலாண்மைக் கழகம் (பி.எம்.ஐ.) அமைந்தது. பிரித்தானியாவின் திட்ட மேலாண்மைச் சங்கம் (ஏ.பி.எம்.) 1972இல், ஐரோப்பிய அமைப்பின் பிரித்தானியக் கிளையாகத் தோன்றியது. 2017இல் இச்சங்கம் அரச பட்டயம் பெற்றது. மருத்துவம், பொறியியல், கணக்கியல் போன்ற பழந்தொழில்களுக்கு உரிய மதிப்பைத் திட்ட மேலாளர்களும் நாடியதன் அடையாளமாக இது கருதப்படுகிறது.

இச்சங்கங்களில் தொடக்கத்தில் கட்டுமானம், எண்ணெய், பாதுகாப்புத் துறையினரே மிகுதியாக இருந்தனர். கணினித் துறையினர் பெருமளவில் சேர்ந்தது 1980களிலும் அதன் பின்னருமே ஆகும். பி.எம்.ஐ. தன் முதல் சான்றிதழ்த் தேர்வை 1984இல் நடத்தியது. திட்ட மேலாண்மை அறிவுத் தொகுதி எனும் அதன் கையேடு 1996இல் முதற்பதிப்பாக வெளிவந்தது.

அரசு உருவாக்கிய வழிமுறைகள்

1970களிலும் 1980களிலும் பிரித்தானிய அரசுத் துறைகள் கணினிமயமாயின. பல திட்டங்கள் காலம் தாழ்ந்தும் செலவு மிகுந்தும் முடிந்தன. இதற்குத் தீர்வு காணும் பொறுப்பு சி.சி.டி.ஏ. எனப்பட்ட மத்தியக் கணினி மற்றும் தொலைத்தொடர்பு முகமையிடம் இருந்தது.

சிம்பாக்ட் சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனம் 1975இல் உருவாக்கியிருந்த பிராம்ப்ட் என்னும் வழிமுறையை இம்முகமை 1979இல் ஏற்றது. அதைத் திருத்தி விரித்து 1989இல் பிரின்ஸ் என்னும் பெயரில் வெளியிட்டது. திட்டத்துக்கு ஒரு குழுமம், அக்குழுமத்தில் பயனரின் சார்பாளர், வழங்குநரின் சார்பாளர், செலவுக்குப் பொறுப்பானவர் ஆகியோர், ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் தொடர்வதா நிறுத்துவதா என்ற முறையான முடிவு ஆகியவை இதன் அடிப்படைகள். 1996இல் வெளிவந்த பிரின்ஸ் 2, கணினி அல்லாத திட்டங்களுக்கும் பொருந்துமாறு பொதுமைப்படுத்தப்பட்டது.

இதே முகமை வேறொரு சிக்கலையும் கவனித்தது. முறையாக முடிந்த திட்டங்கள்கூடப் பயன்பாட்டுக்கு வந்தபின் தடுமாறின. கணினி நின்றால் யாரை அழைப்பது, மாற்றம் செய்யுமுன் யாரிடம் ஒப்புதல் பெறுவது, எந்தக் கருவியில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பவை ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு விதமாக இருந்தன. நன்கு நடந்த கணினி மையங்களின் பழக்கங்களைத் திரட்டி எழுதும் பணி 1980களின் நடுப்பகுதியில் தொடங்கிற்று. அதன் விளைவாக 1989 முதல் வெளிவந்த நூல்வரிசையே ஐடில் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தகவல் தொழில்நுட்ப உள்கட்டமைப்பு நூலகம். 1990களின் நடுவில் இவ்வரிசையில் 30க்கு மேற்பட்ட நூல்கள் இருந்தன.

பயனர் மன்றத்தின் தோற்றம்

ஐடில் நூல்கள் எதைச் செய்ய வேண்டும் என்று கூறின. தம் அலுவலகத்தில் எவ்வாறு செய்வது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே கண்டறிய வேண்டியிருந்தது. எனவே அவற்றைப் பின்பற்றியோர் 1991இல் பிரித்தானியாவில் ஒரு பயனர் மன்றம் அமைத்தனர். அரசுத் துறையினரும் தனியார் நிறுவனத்தாரும் இதில் ஒன்றாக அமர்ந்து தம் அனுபவங்களைப் பேசினர். 1993இல் நெதர்லாந்தில் இதன் வெளிநாட்டுக் கிளை தோன்றியது. பின்னர் இம்மன்றம் ஐ.டி.எஸ்.எம்.எஃப். என்னும் பெயரில் பல நாடுகளில் கிளைகள் கொண்ட அமைப்பாயிற்று.

இவ்வாறு 1990களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் திட்டத்தை நடத்தும் வழிமுறையும், சேவையை நடத்தும் வழிமுறையும், இரண்டையும் கற்பிக்கும் சங்கங்களும் இருந்தன. இவை இருந்தும் பயன்படாமல் போனதையே இலண்டன் ஆம்புலன்ஸ் சேவையின் நிகழ்வு காட்டிற்று.

இலண்டன் ஆம்புலன்ஸ் சேவை: பின்னணி

1990களின் தொடக்கத்தில் இச்சேவை 600 சதுர மைலுக்குச் சற்று மேற்பட்ட பரப்பில் ஏறத்தாழ 68 இலட்சம் மக்களுக்குப் பணியாற்றியது. நாள்தோறும் 2000 முதல் 2500 வரை அழைப்புகள் வந்தன. அவற்றுள் 1300 முதல் 1600 வரையானவை அவசர அழைப்புகள்.

கட்டுப்பாட்டு அறையின் வேலை காகிதத்தில் நடந்தது. அழைப்பை ஏற்பவர் விவரங்களைப் படிவத்தில் எழுதி, வரைபட நூலில் இடத்தைத் தேடிக் குறிப்பார். படிவம் நகரும் பட்டையில் ஏறி அறையின் மறுமுனைக்குச் செல்லும். அங்கே ஒரே நிகழ்வுக்கு இரண்டு அழைப்புகள் வந்துள்ளனவா என்று பார்த்து, பகுதிவாரியாகப் பிரித்து, ஒதுக்கீட்டாளரிடம் கொடுப்பர். அவர் எந்த ஊர்தி அருகில் உள்ளது என்று கணித்து அனுப்புவார். அழைப்பு வந்த 3 நிமிடங்களுக்குள் ஊர்தி புறப்பட வேண்டும் என்பது அளவுகோல். படிவம் தொலைவதும், இடத்தைக் கண்டறியத் தாமதமாவதும் இம்முறையின் குறைகள். எனினும் தம் பகுதியின் தெருக்களையும் ஊழியர்களையும் அறிந்த ஒதுக்கீட்டாளரின் அனுபவம் அக்குறைகளை ஓரளவு ஈடுசெய்தது.

கணினிமயமாக்கும் முதல் முயற்சி 1987இல் தொடங்கியது. சுமைச் சோதனையில் தேறாததால், சுமார் 75 இலட்சம் பவுண்டு செலவான நிலையில் 1990இல் கைவிடப்பட்டது. அதே காலத்தில் ஊதியம் தொடர்பாக நாடு முழுதும் நடந்த ஆம்புலன்ஸ் ஊழியர் போராட்டம், நிர்வாகத்துக்கும் ஊழியருக்கும் இடையே கசப்பை விட்டுச் சென்றது.

இரண்டாம் முயற்சி

புதிய நிர்வாகம் இன்னும் துணிவான முறைமையொன்றைத் திட்டமிட்டது. அழைப்பை ஏற்பது, இடத்தைக் கண்டறிவது, ஊர்திகளின் இருப்பிடத்தைத் தானாகக் கண்காணிப்பது, பொருத்தமான ஊர்தியை முன்மொழிந்து அனுப்புவது ஆகிய அனைத்தையும் கணினியே செய்யும் என்பது எண்ணம். இதற்கு 15 இலட்சம் பவுண்டு வரம்பாகவும், 1992 ஜனவரி 8 இறுதி நாளாகவும் குறிக்கப்பட்டன. முன்னர் பெற்ற ஆலோசனை அறிக்கையில் 15 இலட்சம் பவுண்டு என்ற தொகை உண்மையிலேயே இருந்தது. ஆனால் ஆயத்த மென்பொருள் கிடைத்தால் மட்டுமே அத்தொகை போதும் என்றும், அதற்கே 19 மாதங்கள் வேண்டும் என்றும் அவ்வறிக்கை கூறியிருந்தது. தொகை நிலைத்தது, நிபந்தனைகள் மறைந்தன.

ஏலத்தில் 17 முன்மொழிவுகள் வந்தன. மூன்று நிறுவனங்களின் கூட்டு கேட்ட ஏறத்தாழ 9 இலட்சத்து 37 ஆயிரம் பவுண்டே மிகக் குறைந்தது. அடுத்த முன்மொழிவைவிட இது சுமார் 7 இலட்சம் பவுண்டு குறைவு. மென்பொருளை எழுதவிருந்த சிறு நிறுவனம் தன் பணிக்குக் குறித்த தொகை 35 ஆயிரம் பவுண்டு மட்டுமே. இவ்வளவு பெரிய வேறுபாடு ஏன் என்ற கேள்வி உரிய அழுத்தத்துடன் எழுப்பப்படவில்லை.

இத்திட்டத்தில் பிரின்ஸ் வழிமுறையே பின்பற்றப்படும் என்று எதிர்பார்க்கப்பட்டது. குழுவினருக்கு அதில் அறிமுகப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. ஆயினும் வழங்குநருக்கு அதில் முன் அனுபவம் இல்லை; நடைமுறையில் அது பின்பற்றப்படவும் இல்லை. முழுநேரமாக இப்பணியில் ஈடுபட ஆம்புலன்ஸ் சேவையின் தரப்பில் ஆளில்லை, அட்டவணை மிக நெருக்கமானது, திருத்தங்களுக்கு அவகாசமில்லை என்பவை 1991 ஜூனில் நடந்த தொடக்கக் கூட்டத்திலேயே பதிவாயின. பதிவானவற்றின்மேல் நடவடிக்கை தொடரவில்லை.

குறித்த ஜனவரி நாளில் முறைமை முழுமையாக ஆயத்தமாகவில்லை. அழைப்பை ஏற்கும் பகுதி மட்டும் தொடங்கப்பட்டு, மற்றவை பகுதி பகுதியாகச் சேர்க்கப்பட்டன. ஊழியர் பயிற்சி முன்கூட்டியே முடிந்துவிட்டதால், முழு முறைமை வந்தபோது கற்றதில் பெரும்பகுதி மறந்திருந்தது. முழு முறைமையை முழுச் சுமையில் ஒருமுறையும் சோதிக்கவில்லை.

1992 அக்டோபர் 26

அன்று காலை இலண்டன் முழுமைக்கும் கணினி முறை நடைமுறைக்கு வந்தது. அப்போது தீர்க்கப்படாமல் பதிவிலிருந்த குறைகள் 81. கட்டுப்பாட்டு அறையின் இருக்கைகளும் மாற்றியமைக்கப்பட்டன. ஒதுக்கீட்டாளர்கள் தமக்குப் பழக்கமான பகுதிகளிலிருந்து பிரிக்கப்பட்டனர். காகித முறை விலக்கப்பட்டது.

ஊர்திகளின் இருப்பிடத்தையும் நிலையையும் கணினி சரியாக அறிந்திருக்க வேண்டும் என்பதே முறைமையின் அச்சாணி. ஊழியர்கள் நிலையைத் தெரிவிக்கும் பொத்தான்களைச் சில நேரம் தவறிய வரிசையில் அழுத்தினர். வானொலித் தொடர்பு இடங்களுக்கிடையே விட்டுப்போயிற்று. கணினியிலிருந்த படமும் தெருவிலிருந்த நிலையும் விலகிச் சென்றன. ஒரே இடத்துக்கு இரண்டு ஊர்திகள் சென்றன. அருகிலிருந்த ஊர்தி விடப்பட்டுத் தொலைவிலிருந்தது அனுப்பப்பட்டது. ஒவ்வொரு பிழைக்கும் கணினி எச்சரிக்கைச் செய்தியொன்றை எழுப்பியது. செய்திகள் குவிந்து திரையின் மேற்பகுதியிலிருந்து நழுவி மறைந்தன. ஊர்தி வராததால் மக்கள் மீண்டும் மீண்டும் அழைத்தனர். அந்த அழைப்புகள் சுமையை மேலும் ஏற்றின.

மறுநாள் பிற்பகல், அழைப்பை ஏற்கக் கணினியும் ஊர்தியை ஒதுக்க மனிதரும் என்ற பாதி முறைக்குச் சேவை திரும்பியது. அக்டோபர் 28இல் தலைமை நிர்வாகி பதவி விலகினார். இத்தாமதங்களால் 20 முதல் 30 பேர் வரை இறந்திருக்கலாம் என்று செய்தித்தாள்கள் எழுதின. எந்தவொரு மரண விசாரணையும் ஆம்புலன்ஸ் சேவையே இறப்புக்குக் காரணம் என்று முடிவு செய்யவில்லை என விசாரணைக் குழு பின்னர் குறிப்பிட்டது.

நவம்பர் 4 அதிகாலையில் இப்பாதி முறையும் நின்றது. சுமார் மூன்று வாரங்களுக்கு முன் நிரலில் செய்த ஒரு மாற்றத்தின்போது விடுபட்ட சிறு துண்டு, ஊர்தி அனுப்பப்படும் ஒவ்வொரு முறையும் நினைவகத்தில் சிறிதளவைப் பிடித்துக்கொண்டு விடுவிக்காமல் இருந்தது. நினைவகம் நிரம்பியதும் கணினி நின்றது. மாற்றுக் கணினியும் பொறுப்பேற்கவில்லை. ஊழியர்கள் காகிதத்துக்குத் திரும்பினர்.

விசாரணை அறிக்கை

1993 பிப்ரவரியில் விசாரணை அறிக்கை வெளிவந்தது. அதன் முடிவுகளில் ஒன்று பலருக்கும் வியப்பளித்தது. அக்டோபர் 26, 27ஆம் நாள்களில் கணினி தொழில்நுட்பப் பொருளில் பழுதாகவில்லை; பெரும்பாலும் வடிவமைக்கப்பட்டவாறே இயங்கியது; வடிவமைப்பே குறையுடையது என்பதே அம்முடிவு. உண்மையான கணினிப் பழுது நவம்பர் 4இல் நிகழ்ந்தது மட்டுமே.

விலையே தேர்வின் அளவுகோலாக இருந்தமை, நடைமுறைக்கு ஒவ்வாத கால அட்டவணை, அனுபவமற்ற திட்ட மேலாண்மை, போதாத சோதனை, ஊழியரின் பங்கேற்பின்மை ஆகியவற்றை அறிக்கை சுட்டியது. கணினி முறை வேண்டாம் என்று அது கூறவில்லை. தகவல் தொழில்நுட்பத்துக்குத் தனி இயக்குநர், படிப்படியான அறிமுகம், ஒவ்வொரு படியிலும் முழுச் சோதனையும் பயிற்சியும், உறுதியான மாற்று ஏற்பாடு ஆகியவற்றை வலியுறுத்தியது.

மீட்சி

மீட்சி உடனே வரவில்லை. 1994 ஜூனில் கிழக்கு இலண்டனில் 11 வயதுச் சிறுமி ஒருவர், அருகிலேயே மருத்துவமனை இருந்தும் ஆம்புலன்ஸுக்காக 53 நிமிடங்கள் காத்திருந்த நிலையில் இறந்தார். இது நாடாளுமன்றத்திலும் ஊடகங்களிலும் பெரும் கேள்விகளை எழுப்பியது. காகித முறையே தொடர்ந்தால் போதும் என்ற எண்ணத்துக்கும் இது முற்றுப்புள்ளி வைத்தது.

புதிதாக அமர்ந்த தகவல் தொழில்நுட்ப இயக்குநர் இயன் டைக் மென்பொருளிலிருந்து தொடங்கவில்லை. முதலில் மின்வழங்கல், கட்டுப்பாட்டு அறை, தொலைபேசி, கணினி வன்பொருள் ஆகியவை சீர்செய்யப்பட்டன. ஊழியர்களுடனும் தொழிற்சங்கங்களுடனும் பேச்சு நடந்தது. மென்பொருள் சேவையினுள்ளேயே, மாதிரி வடிவங்களை ஊழியர்களிடம் காட்டித் திருத்தி உருவாக்கப்பட்டது. முதற்கட்டத்தில் அழைப்பை ஏற்றல், முகவரியைக் கண்டறிதல் ஆகிய எளிய பணிகள் மட்டுமே கணினிக்குத் தரப்பட்டன. ஊர்தியைத் தேர்ந்தெடுக்கும் பணி மனிதரிடமே இருந்தது. ஆயத்தமானபின் தொடங்குவது என்பதே கொள்கை. இறுதி நாளை முன்வைத்து வேலை நடக்கவில்லை.

1996 ஜனவரியில் புதிய முறைமை நடைமுறைக்கு வந்தது. அழைப்பின் விவரங்கள் முழுதும் எழுதி முடியுமுன்னரே முகவரி ஒதுக்கீட்டாளரின் திரைக்குச் செல்லும் வசதி அதே ஆண்டில் சேர்க்கப்பட்டது. அழைப்பை ஏற்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஊர்தி புறப்பட இதனால் முடிந்தது. 1997இல் பிரித்தானியக் கணினிச் சங்கம் இப்பணிக்குத் தகவல் முறைமை மேலாண்மை விருதை வழங்கியது.

சேவை மேலாண்மை நோக்கில்

ஐடில் நூல்கள் சில சொற்களைத் தெளிவாகப் பிரிக்கின்றன. சேவையில் ஏற்படும் தடங்கல் ஒரு நிகழ்வு. அத்தடங்கலுக்கு அடியிலிருக்கும் காரணம் சிக்கல். காரணம் தெரிந்தும் இன்னும் நீக்கப்படாதது அறிந்த பிழை. இயங்கும் முறைமையில் செய்யப்படும் எந்தத் திருத்தமும் மாற்றம்.

இச்சொற்களால் இலண்டன் நிகழ்வை வாசிக்கும்போது அவற்றின் பயன் புலப்படுகிறது. 81 குறைகளும் அறிந்த பிழைகள். அவற்றுடன் சேவையைத் தொடங்கலாமா என்று முடிவெடுக்க அதிகாரம் கொண்ட குழுமம் இயங்கவில்லை. நவம்பர் 4இன் பழுது ஒரு மாற்றத்தின் விளைவு. அம்மாற்றத்தைச் சரிபார்த்து ஒப்புதல் தரும் ஏற்பாடு அதைத் தடுத்திருக்கக்கூடும். மாற்றுக் கணினி இருந்தது. பாதி முறையில் அது பொறுப்பேற்குமா என்ற சோதனை இல்லை. இவை எவையும் அன்று அறியப்படாத அறிவு அல்ல. 1989 முதல் அச்சில் இருந்தவை.

தரநிலைகளும் பரவலும்

சேவை மேலாண்மைக்கான பிரித்தானியத் தரநிலை பி.எஸ். 15000 என்னும் எண்ணுடன் 2000இல் வெளிவந்தது. அதன் வழியில் 2005இல் ஐ.எஸ்.ஓ. 20000 என்னும் பன்னாட்டுத் தரநிலை உருவாயிற்று. ஐடில் நூல்கள் 2000ஆம் ஆண்டையொட்டிச் சுருக்கித் திருத்தப்பட்டன. 2007இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு, உத்தி, வடிவமைப்பு, நிலைமாற்றம், இயக்கம், தொடர் மேம்பாடு என ஐந்து நூல்களாக அமைந்தது. திட்டத்திலிருந்து சேவைக்குக் கைமாறும் கட்டத்துக்கே தனி நூல் ஒதுக்கப்பட்டது இதில் குறிப்பிடத்தக்கது. நான்காம் பதிப்பு 2019இல் வந்தது. பிரின்ஸ் 2, ஐடில் இரண்டின் உரிமையும் 2013இல் அரசும் தனியார் நிறுவனமொன்றும் இணைந்து அமைத்த ஆக்சிலாஸிடம் சென்றது. ஆக்சிலாஸை 2021இல் பீப்பிள்செர்ட் நிறுவனம் வாங்கியது.

உள்ளூர்க் கிளைகளின் பணி

சங்கங்களின் அன்றாட வாழ்வு அவற்றின் உள்ளூர்க் கிளைகளில் நடக்கிறது. கிளைகளைப் பெரும்பாலும் ஊதியமில்லாத தன்னார்வலர்களே நடத்துகின்றனர். மாலைக் கூட்டம், தேர்வுக்கான படிப்புக் குழு, ஆண்டு மாநாடு, மூத்தோர் வழிகாட்டல் ஆகியவை வழக்கமான பணிகள். பி.எம்.ஐ.யின் திட்ட மேலாளர் சான்றிதழைப் பெற்றவர் அதைத் தக்கவைக்க மூன்றாண்டுக்கு ஒருமுறை 60 தொழில் வளர்ச்சி அலகுகளைச் சேர்க்க வேண்டும் என்பதால் கிளைக் கூட்டங்களுக்கு நடைமுறைப் பயனும் உண்டு.

இந்தியாவில் சென்னை, பெங்களூரு, மும்பை முதலிய நகரங்களில் பி.எம்.ஐ. கிளைகள் உள்ளன. வெளிநாட்டு நிறுவனங்களின் கணினி முறைமைகளை இந்நகரங்களிலிருந்து பராமரிக்கும் தொழில் வளர்ந்தபோது, திட்ட மேலாண்மைச் சான்றிதழும் ஐடில் சான்றிதழும் பணியாளர் தகுதிகளாக இடம்பெற்றன.

மதிப்பீடு

சான்றிதழ்களும் கையேடுகளும் பெருகிய அளவுக்குத் தோல்விகள் குறையவில்லை என்ற விமர்சனம் இச்சங்கங்கள்மீது உண்டு. படிவங்களை நிரப்புவதே வழிமுறை என்றாகிவிடும் ஆபத்தும் சுட்டப்படுகிறது. இலண்டன் நிகழ்வு இவ்விமர்சனத்துக்கு இருவகையிலும் சான்றாகிறது. பிரின்ஸ் பயிற்சி பெற்ற குழுவே அதைப் பின்பற்றாமல் விட்டது. எனவே பயிற்சி மட்டும் போதாது. மறுபுறம், படிப்படியாக, சோதித்து, ஊழியரைச் சேர்த்துச் செய்த பிந்தைய பணி அதே நிறுவனத்தில் வெற்றி பெற்றது.

ஆம்புலன்ஸ் சேவை பின்னாளிலும் கணினித் தடங்கல்களைச் சந்தித்தது. 2017 புத்தாண்டு நாளின் முதல் மணிநேரங்களில், ஆண்டின் மிக நெருக்கடியான இரவொன்றில், அனுப்பு முறைமை நின்றுபோக, ஊழியர்கள் சில மணிநேரம் காகிதத்தில் பணியாற்றினர். 1992இல் விலக்கப்பட்ட காகித முறை, அதற்குள் முறையான மாற்று ஏற்பாடாகக் கட்டுப்பாட்டு அறையில் நிலைபெற்றிருந்தது.